பரங்கிமலை முதல் தாம்பரம் வரை – 11: வாதங்களில் விளைந்த துறவி

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். அந்த இடத்தில் 1726-இல் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் போகிற யாத்திரிகர்கள் ஆற்றில் இறங்கித் தவிக்கக் கூடாது என்று கைக்காசைப் போட்டுக் கட்டினார். மலை ஏறப் படிகளும் அமைத்துக் கொடுத்தார். அந்தப் பாலம் இருபதாம் நூற்றாண்டு வரை நின்றது. பிறகு புதிய பாலம் வந்தபோது ஒரு சைவத் துறவியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். உஸ்கானின் கல்வெட்டு இன்றும் பாலத்தோரம் இருக்கிறது. கிறிஸ்தவர் போட்ட வழியில் சைவரின் பெயர். இந்த வாரக் கதை முழுவதும் இந்தத் தற்செயலுக்குள் அடங்கிவிடுகிறது என்றால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், முழுப் பொய்யாகாது.

சென்ற இரண்டு பகுதிகளிலும் உஸ்கானின் படிகளிலும் உச்சியில் உள்ள பஹ்லவி எழுத்துச் சிலுவையிலும் நேரத்தைச் செலவிட்டுவிட்டோம். இனி மலையை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகலாம்.

பல்லாவரத்தின் பழமை பெரிது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அந்தக் கதை தனி. இங்கே நமக்கு வேண்டியது மலைச்சரிவில் உள்ள குடைவரை. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த கோயில் அது. ஐந்து கருவறைகள், உத்திரத்தில் அரசனின் விருதுப் பெயர்கள். இன்று அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். மகேந்திரன் சமணனாக இருந்து, திருநாவுக்கரசரால் சைவனானவன் என்பது மரபு. அந்த நாவுக்கரசரோ தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக வாழ்ந்து திரும்பியவர். சமயம் விட்டுச் சமயம் வந்த அரசனின் குகை, இப்போது மூன்றாவது ஒரு சமயத்தாரின் கையில் பத்திரமாக இருக்கிறது. இப்படிப்பட்ட மலைக்குக் கீழே 1911 மே மாதத்தில் ஒரு தமிழாசிரியர் குடும்பத்தோடு வந்து குடியேறினார். வயது முப்பத்தைந்து நிறையவில்லை. பெயர் வேதாசலம். வேலையை விட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் எப்படி மறைமலையடிகள் ஆனார் என்ற கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி ஒன்று உண்டு. மகள் நீலாம்பிகை பாட, தோட்டத்தில் உலவியபடி கேட்டிருந்த தந்தைக்கு ஒரு வடசொல் உறுத்த, தனித்தமிழ் இயக்கம் பிறந்தது என்பது அது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலேயே இருப்பதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. மொழிக் கதை வெளிச்சத்தில் நின்றுவிட்டதால் சமயக் கதை நிழலில் போய்விட்டது. அடிகள் தம்மை முதலில் சைவராகவே எண்ணினார். அந்தச் சைவம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

1876 ஜூலை 15-இல் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்தார். தந்தை சொக்கநாத பிள்ளை மருத்துவர். தாய் சின்னம்மை. நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து திருக்கழுக்குன்றத்து வேதாசலரை வேண்டிப் பெற்ற பிள்ளை. அதனால் அந்தப் பெயர். படிக்கப் போட்டதோ வெஸ்லியன் மிஷன் பள்ளியில். அக்கால நாகப்பட்டினத்தில் நல்ல இங்கிலீஷ் வேண்டுமென்றால் பாதிரிமார் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே இங்கிலீஷோடு பைபிளும் சேர்ந்தே வரும். அதோடு, கோயிலில் ஆடு வெட்டுவதையும் புராணத்தில் தேவர்கள் செய்யும் லீலைகளையும் எடுத்துக்காட்டி, இதுவா உங்கள் சமயம் என்ற கேள்வியும் வரும்.

பையன் அந்தக் கேள்விக்கு மசியவில்லை. அதை மறக்கவும் இல்லை. பதினாறு வயதில் நண்பர்களைச் சேர்த்து இந்து மதாபிமான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சங்கம், வாராந்தரக் கூட்டம், பிரசங்கம், பதிலுக்குக் கண்டனம் என்ற இந்த அமைப்பு முறை எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணையிருந்தவர். அந்த உறவில் கற்றவற்றை, அதாவது பள்ளி, அச்சுக்கூடம், மேடைப் பிரசங்கம், சிறு நூல் எல்லாவற்றையும் வண்ணார்பண்ணையில் சைவத்துக்காகத் திருப்பிக் கொண்டார். ஒரு தலைமுறை கழித்து நாகப்பட்டினத்துப் பையன்கள் செய்ததும் அதே வழிதான்.

தந்தை இறந்ததும் நான்காம் பாரத்தோடு படிப்பு நின்றது. இனிக் கற்றதெல்லாம் பள்ளிக்கு வெளியே. ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை பெரிய தமிழறிஞர். சங்க நூலிலிருந்து இலக்கணம் வரை அவரிடம் பாடம் கேட்டார். அதே ஆசிரியரிடம் முன்பே படித்த மற்றொருவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். அவர்தான் ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை. ஆசிரியரோடு அங்கே போய் அவரையும் கண்டார் இளைஞர். சம்பந்தரின் காலத்தைக் கல்வெட்டும் சான்றும் கொண்டு நிறுவ முயன்றவர் சுந்தரம் பிள்ளை. அடியார்களை வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேதாசலத்துக்கு அங்கிருந்து தொற்றியிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவருடைய மிகப் பெரிய நூல் அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான். மிகப் பெரிய சறுக்கலும் அதிலேதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

சமயத்தில் அவரை மாற்றியவர் ஒரு பேச்சாளர். சூளை சோமசுந்தர நாயகர் 1846-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் அரங்கசாமி. பெயரும் மாறி, வழியும் மாறி, சைவ சித்தாந்தத்தின் பெரும்பேச்சாளராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ‘வைதிக சைவ சித்தாந்த சண்டமாருதம்’ என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பட்டத்தைப் பார்த்தாலே பேச்சின் வேகம் தெரியும். அவருடைய எதிரிகள் இருவகை: வைணவர்கள் ஒரு பக்கம், எல்லாம் ஒன்றே என்று சொல்லும் மாயாவாதிகள் மறுபக்கம். நாகப்பட்டினத்தில் அவர் பேசியதை மறுத்து ஒருவர் எழுத, ‘நாகை நீலலோசனி’ இதழில் ‘முருகவேள்’ என்ற பெயரில் பதிலடி வந்தது. எழுதியவர் யாரோ பழுத்த புலவர் என்று நினைத்திருந்தவர்களுக்கு முன்னால் வந்து நின்றது மீசை அரும்பும் வயதுப் பிள்ளை. நாயகர் அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். ஆதித் திருச்சபையின் இறையியலாளர்களில் தலையாயவர் அகுஸ்தினார். கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தேயில் பிறந்தவர். தாய் மோனிக்கா தீவிரக் கிறிஸ்தவர். மகனோ பாரசீக நாட்டு மானியின் சமயத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அது சலித்து, கொஞ்ச காலம் எதையும் நம்பாமல் இருந்து, பிறகு பிளேட்டோ வழி வந்தவர்களின் நூல்களில் மூழ்கினார். தொழில் சொற்கலை ஆசிரியர். மிலான் நகரில் அரசின் ஊதியம் பெறும் பெரிய பதவி. அங்கே ஆயராக இருந்த அம்புரோஸின் பிரசங்கத்துக்கு அவர் முதலில் போனது பொருளுக்காக அல்ல, பேச்சழகை எடைபோட. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கப் போன கதை. போனவர் பிடிபட்டார். 386-இல் மனம் திரும்பினார். பள்ளி விடுமுறை முடியும்வரை பொறுத்திருந்து, நெஞ்சில் நோய் என்ற காரணத்தையும் சொல்லி, ஆசிரியப் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு ஈஸ்டரில் அம்புரோஸின் கையால் திருமுழுக்கு. 388-இல் சொந்த ஊருக்குத் திரும்பி, தந்தையின் வீட்டிலேயே நண்பர்களோடு துறவு வாழ்க்கை. பிறகுதான் ஹிப்போ நகர் அவரை இழுத்துக்கொண்டு போய் ஆயராக்கியது.

வேதாசலத்துக்கு நாயகர் அம்புரோஸ். இந்த ஒப்புமையை நான் நீட்ட விரும்பவில்லை. அகுஸ்தினாருக்கு இருந்த குற்றவுணர்ச்சியின் சுமை அடிகளிடம் இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் அது வெளிச்சம் தருகிறது. ஒன்று, இருவரும் மொழியைத் தொழிலாகக் கொண்டவர்கள், பேச்சின் வழியாகச் சமயத்துக்குள் வந்தவர்கள். மற்றொன்று இன்னும் முக்கியம். அகுஸ்தினாரின் கொள்கைகள் பெரும்பாலும் சண்டையில் உருவானவை. மானியின் வழியினரை மறுக்கும்போது தீமை பற்றிய கொள்கை, தொனாதுவினரை மறுக்கும்போது திருச்சபை பற்றிய கொள்கை, பெலாஜியரை மறுக்கும்போது அருள் பற்றிய கொள்கை. எதிரிகள் இல்லாவிட்டால் அவர் பாதி எழுதியிருக்க மாட்டார். அடிகளும் அப்படித்தான். அவருடைய ஆசிரியர்களை எண்ணிப் பார்க்கும்போது, எதிர்த்து வாதிட்டவர்களையும் அந்த வரிசையில் சேர்க்காமல் கணக்கு முடியாது.

நாயகர் வழியாக ஜே.எம். நல்லசாமிப் பிள்ளையின் தொடர்பு கிடைத்தது. முன்சீப் வேலை பார்த்துக்கொண்டே மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். 1897-இல் அவர் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’யின் தமிழ்ப் பதிப்புக்கு முதலில் ஆசிரியராக இருந்தவர் வேதாசலம். பதிமூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் எழுதிய சாத்திரம், இப்போது ஆங்கில மாத இதழில், பாதிரிமாரும் படிக்கும்படி வந்துகொண்டிருந்தது. பாதிரிமார் படிக்கவும் செய்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1854-இலேயே சிவஞானபோதத்தை மொழிபெயர்த்துவிட்டார், 1900-இல் ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இறைவன், உயிர், கட்டு என மூன்றையும் மெய்யென்று கொண்டு, அருளால் மட்டுமே விடுதலை என்று சொல்லும் சித்தாந்தம், வேதாந்தத்தைவிடத் தங்களுக்கு நெருங்கிவருவதாக அவர்களில் பலருக்குப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மெச்சினால் நம் பாத்திரத்தை நாமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போமே, அப்படித் தமிழ்ச் சைவர்களுக்கும் இதில் ஒரு தெம்பு வந்தது.

1898 மார்ச்சில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார் வேதாசலம். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. பாரிமுனைப் பக்கம், எஸ்பிளனேடில் இருந்தது. தமிழுக்குத் தலைவராக இருந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். ‘பரிதிமாற் கலைஞர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு பாட்டு எழுதிய பிராமணர். 1903-இல் முப்பத்து மூன்று வயதில் அவர் இறந்தது தமிழுக்கு எப்படிப்பட்ட இழப்பென்று அடிகளின் பிற்காலப் பெயர்மாற்றத்தைப் பார்க்கும்போது விளங்கும். அந்தப் பெயர்மாற்றத்தின் விதை அவரிடம் இருந்தது.

கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்துக்காரர். ஆள் பிடிப்பதைவிடக் கிறிஸ்தவக் கருத்துகளைச் சமூகம் முழுவதும் பரவ விடுவதே கல்லூரியின் வேலை என்று நினைத்தவர். சொந்தச் சபையாரிடமே அதற்காகத் திட்டு வாங்கியவர். 1903-இல் அங்கே தத்துவம் கற்பிக்க ஏ.ஜி. ஹாக் என்பவர் வந்து சேர்ந்தார். கர்மக் கொள்கையை ஒதுக்காமல் அதோடு நேர்மையாக மல்லுக்கட்டி ஒரு நூல் எழுதினார். ஹாக்கின் மாணவர் ஒருவர், பாதிரிமார் இந்து தத்துவத்தைக் குறை சொல்லக் கேட்டு உறுத்தலெடுத்து, வேதாந்தத்தின் அறக்கொள்கையையே எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அதே ஆண்டுகளில் அதே கட்டடத்தில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் வேதாசலம். நாவலர் சோமசுந்தர பாரதியார் போன்றவர்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள். ஒரே மிஷன் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் இரண்டு எதிரெதிர் இந்து விளக்கங்களுக்குத் தாழ்வாரமாக இருந்திருக்கிறது. ஒன்று வேதாந்தமாக ஆக்ஸ்ஃபோர்டு வரை போயிற்று. மற்றொன்று, வேதாந்தத்தை மறுக்கும் சைவமாகப் பல்லாவரம் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு போனதைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. பல்லாவரம் போனதைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் மனக்குறை.

வாதமே அவருடைய வாழ்க்கையாக இருந்தது என்று தோன்றிவிடக் கூடாது. சென்னைக்கு வந்த புதிதில் கடும் நோயில் விழுந்தபோது திருவொற்றியூர் முருகனை வேண்டிக்கொண்டார். குணமானதும் நேர்ந்துகொண்டபடி மும்மணிக்கோவை பாடினார். அது 1900-இல் வெளிவந்தது. 1901-இல் நாயகர் மறைந்தபோது ‘சோமசுந்தரக் காஞ்சி’ பாடினார். கண்டனம் எழுதும் கை கண்ணீரையும் அறிந்தது.

அடுத்து வந்த சண்டை அவரை யாரும் எதிர்பாராத பக்கம் நிறுத்தியது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்ற வழக்கு ஆறுமுக நாவலர் காலத்தில் தொடங்கியது. 1903-இல் மீண்டும் பற்றிக்கொண்டது. மருட்பா என்ற கட்சிக்குத் தலைவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை. நாவலர் மரபுச் சைவர். வேதாசலமும் சைவர்தானே, அந்தப் பக்கம்தான் நிற்பார் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டார். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. கதிரைவேற் பிள்ளையின் மாணவர் ஒருவர் சாட்சி சொல்லக் காத்திருந்ததில் பள்ளி இறுதித் தேர்வையே எழுத முடியாமல் போயிற்று. அந்த மாணவர் திரு.வி.க.! பின்னாளில் அவரே அடிகளின் அன்பரானது வேறு கதை.

வள்ளலாருக்காக வாதிடப் போய் வள்ளலாருக்குள் போய்விட்டார் வேதாசலம். நாயகரிடமிருந்து வந்தது சாத்திரச் சைவம்: மெய்கண்டார், உரை, கண்டனம். வள்ளலாரிடமிருந்து வந்தது உயிரிரக்கம், சாதி மறுப்பு, எல்லாச் சமயத்தாரையும் ஒரே கூரைக்கு அழைக்கும் ஆசை. இரண்டும் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகிறவை அல்ல. சைவ சித்தாந்தமே முடிந்த முடிபு என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, எல்லார்க்கும் பொது என்று மறுபக்கம் சொல்வது எப்படி? கடைசிவரை அவர் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அதோடேயே வாழ்ந்தார். 1905-இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் உருவாக முன்நின்றதும் அவர்தான். 1911-இல் வள்ளலாரின் சொற்களையே எடுத்து ‘சமரச சன்மார்க்க’ நிலையம் தொடங்கியதும் அவர்தான்.

1911-ஐ வரலாற்று நூல்கள் துறவின் ஆண்டு என்று எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அலுவலகக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் புதிய விதிகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்தது. மாணவர்கள் குறைந்தார்கள், தமிழாசிரியர்களுக்கு வேலையும் குறைந்தது. இதைத் தடுக்கப் பரிதிமாற் கலைஞர் காலத்திலிருந்தே போராடிப் பார்த்தும் பலிக்கவில்லை. பதிமூன்று ஆண்டுகளுக்குப் பின் ஏப்ரல் மாதம் கல்லூரியை விட்டார். மே மாதம் பல்லாவரம். ஆகஸ்டு 27-இல் காவி. நெஞ்சு நோயும் அழைப்பும் சேர்ந்து அகுஸ்தினாரை மிலானிலிருந்து கிளப்பியது போலத்தான். வேலை போனதால் துறந்தார் என்று சொன்னால் கொச்சை. வேலை போனது ஒரு கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். மற்றக் கதவு பல காலமாகவே ஒருக்களித்துத் திறந்திருந்தது.

துறவு என்றதும் மடம், தனிமை என்று நினைக்க வேண்டாம். மனைவி சவுந்தரவல்லி அம்மையாரும் பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். நான்கு ஆண்பிள்ளைகளுக்கும் சமயக் குரவர் நால்வரின் பெயர்கள். 1916-க்குப் பிறகு வீட்டில் பெயர்கள் மாறின. தந்தை மறைமலை ஆனார், திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று, 1902 முதல் நடத்திவந்த ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. வீட்டோடு அச்சுக்கூடம், மாடி நிறையப் புத்தகங்கள். இப்படிக் குடும்பத்தோடு இருந்த துறவை அக்காலத்தில் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆசிரியத் தொழிலை விட்டவர் ஆசிரியராகவேதான் வாழ்ந்தார். மாணவர்கள்தான் கல்லூரியிலிருந்து இதழுக்கும் மேடைக்கும் இடம் மாறினார்கள்.

புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்த்தது ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள். திருமுறையும் சாத்திரமும் மட்டுமல்ல; அடிசனின் கட்டுரைகள், காளிதாசனின் வடமொழி, மேலைநாட்டு மனவியல், மெஸ்மரிசம், இறந்தபின் உயிர் என்ன ஆகிறது என்ற ஆவியுலக ஆராய்ச்சி, நூறாண்டு வாழ என்ன உண்ண வேண்டும் என்ற உணவு நூல்கள். ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’, ‘யோகநித்திரை’, ‘தொலைவிலுணர்தல்’ என்று அவர் எழுதிய தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும். சைவத்துக்கு அறிவியலின் கையெழுத்தும் வேண்டும் என்ற ஏக்கம் அக்காலத்துப் படித்த சமயவாதிகள் பலருக்கும் இருந்தது. தனித்தமிழின் தந்தை தம் நாட்குறிப்பை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதிவந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முரண் என்று பலர் சிரிப்பார்கள். அவருடைய படிப்பு எந்த மொழியில் நடந்தது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேறில்லை.

பள்ளியில் கேட்ட பழைய கேள்விக்கு அடிகள் பல்லாவரத்திலிருந்து தந்த விடைதான் அவருடைய இறையியல் என்பது என் கணிப்பு. உயிர்ப்பலி கூடாது, சிறு தெய்வங்களின் வெறியாட்டு கூடாது, புராணக் கதைகளில் பல ஒவ்வாதவை, சாதி பார்த்து விபூதி கொடுக்கிறவன் போலிச் சைவன் என்று எழுதினார். மிஷனரி அடுக்கிய குற்றங்களில் பாதியை ஒப்புக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டு, இவையெல்லாம் தமிழரின் பழஞ்சமயத்துக்கு உரியவை அல்ல, பின்னால் ஆரியக் குருமார் வழியாக வந்து ஒட்டியவை என்று தீர்ப்பை வேறு ஒருவர்மேல் திருப்பினார். 1941-இல் வந்த ‘தமிழர் மதம்’ இந்த வாதத்தின் முழு வடிவம். வாதத்தில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆடு வெட்டிக் கும்பிட்ட கோடிக்கணக்கான தமிழர்கள் அந்தத் தமிழர் மதத்தில் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை.

இதே குறை ‘வேளாளர் நாகரிகம்’ என்ற நூலில் இன்னும் வெளிப்படை. சாதி வேற்றுமையைக் கண்டித்தவர், 1923-இல் வந்த அந்த நூலில் தமிழ் நாகரிகத்தின் பெருமை எல்லாவற்றையும் உழவும் கொல்லாமையும் கொண்ட ஒரு வகுப்பாரின் கணக்கில் எழுதினார். ஆனால் 1931-இல் பொதுநிலைக் கழகத்தின் இருபதாம் ஆண்டு விழாவில், எல்லா வகுப்பாரும் கோயிலுக்குள் வரவேண்டும், கைம்பெண் மணம் வேண்டும் என்ற தீர்மானங்கள் இதே பல்லாவரத்தில் நிறைவேறின. ஆலய நுழைவுச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பு இது. அதே 1931-இல்தான் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. பட்டணத்து அன்பர்களுக்குப் பல்லாவரம் பக்கமாயிற்று.

அடிகளின் உள்ளத்துக்கு அருகில் இருந்தவர் யார் என்றால், சாத்திரம் தந்த மெய்கண்டார் அல்லர், மாணிக்கவாசகர். 1930-இல் ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்ற பெருநூலை வெளியிட்டார். மாணிக்கவாசகரைத் தேவார மூவருக்கும் முற்பட்டவராக, மூன்றாம் நூற்றாண்டினராக நிறுவுவது நோக்கம். பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். முன்பு சொன்ன சறுக்கல் இதுதான். சுந்தரம் பிள்ளையிடம் பார்த்த கருவியை எடுத்துக்கொண்டார். அன்பு கையைத் தள்ளிவிட்டது. ஆனாலும் அந்த நூலைப் படிக்கும்போது, முடிவை ஏற்க முடியாத இடத்திலும் உழைப்பின் முன் தலை தாழ்கிறது. திருவாசகத்துக்கு விரிவுரை எழுதத் தொடங்கி, முதல் நான்கு அகவல்களோடு 1940-இல் வெளியிட்டார். நான்கு பகுதிக்கே ஒரு பெரிய நூல் ஆயிற்று. மாணிக்கவாசகரில் அவர் வேகமாக நடக்க விரும்பவில்லை.

கடைசி எதிரிகள் அவர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தார்கள். பார்ப்பனர் ஆதிக்கத்தை அவரைப் போலவே எதிர்த்த சுயமரியாதை இயக்கம், அவர் காக்க நினைத்த சிவபெருமானையும் திருமுறையையும் சேர்த்தே எதிர்த்தது. 1920-களின் பிற்பகுதியில் அந்த இயக்கத்தின் ‘குடி அரசு’ இதழுக்கும் சைவர்களுக்கும் பெரிய உரசல். அடிகள் நடுவில் மாட்டிக்கொண்டார். பிறகு 1937-இல் இராஜாஜி அரசு பள்ளியில் இந்தியைக் கொண்டுவர முனைந்தபோது இரு தரப்பாரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைத் தந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். நாத்திகருக்குப் பட்டம் சூட்டிய அவையின் தலைவி, பல்லாவரத்துச் சைவரின் மகள்.

1950 செப்டம்பர் 15-இல் அடிகள் மறைந்தார். புத்தகங்களைத் தமிழ் மக்களுக்கென்று எழுதிவைத்திருந்தார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்து வ. சுப்பையா பிள்ளையின் முயற்சியில் 1958-இல் இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது. அவர் வேலையை விட்ட கல்லூரி இருந்த இடத்திலிருந்து அது நடந்து போகும் தூரம். கல்லூரிதான் அப்போது அங்கே இல்லை. 1937-இல் அது ஊரைக் காலி செய்துகொண்டு, பல்லாவரத்தையும் தாண்டி, தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுக்குப் போய்விட்டிருந்தது. முதல்வராக இருந்து அந்தப் பெயர்ச்சியை நடத்தியவர், நாம் மேலே கண்ட அதே ஹாக்.

1938 டிசம்பரில், நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்த மாநாடு முடிந்து ஒரு மாதத்தில், உலகெங்கும் இருந்து 400-க்கும் மேற்பட்ட கிறிஸ்தவப் பேராளர்கள் தாம்பரத்தில் கூடினார்கள். பிற சமயங்களில் இறைவன் பேசியிருக்கிறாரா இல்லையா என்பது அங்கே எழுந்த பெரிய கேள்வி. இல்லை என்ற பக்கம் சாய்ந்து ஹாலந்துக்காரர் ஹென்றிக் கிரேமர் ஒரு தடித்த நூலோடு வந்திருந்தார். எழுந்து மறுத்தவர் ஹாக். அந்த விவாதத்துக்கு அடுத்த பகுதியில் போவோம்.